தோலும் குரலும்

அரபு நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் கொண்டுவந்த பொருள்களுள் நம் இல்லங்களில் நெடுங்காலம் நிலைத்தது எது என்று கேட்டால், ‘டூ இன் ஒன்’ என்றே நான் சொல்வேன். அத்தர் காற்றில் கரைந்தது. சேலைகள் நைந்தன. கம்பளிப் போர்வைகள் பிள்ளைகளுக்குப் பங்காகிப் போயின. வானொலியும் டேப் ரிக்கார்டரும் ஒன்றாய் அமைந்து, இருபுறமும் ஒலிபெருக்கிகளைத் தாங்கிய அந்தப் பெட்டி மட்டும், பூவேலை செய்த துணியைப் போர்த்திக்கொண்டு அலமாரியின் மேல் வீற்றிருந்தது. ரமலான் இரவுகளில் நாகூர் ஹனிபா அவர்களின் கம்பீரக் குரலைத் தெரு முழுதும் பரப்பியதும் அதுதான்.

பாட்டுக் கேட்பதைக் காட்டிலும் பெரிய பணி ஒன்றும் அதற்கு இருந்தது. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடாவுக்குச் சென்றோர் பெருகினர். கடிதப் போக்குவரத்தும் பெருகியது. ஆனால் எழுதத் தெரியாத பெண்கள் என்ன செய்வார்கள்? குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் தமிழ், தெருவில் உருது. அம்மாவுக்கு இரண்டும் பேச வரும். எழுத எதுவும் வராது. அண்டை வீட்டுக்காரர் ஒருவரை அழைத்து, அவர் எழுத, இவர் சொல்ல வேண்டும். ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதற்கு மேல் மூன்றாம் மனிதரிடம் ஒரு பெண் எதைச் சொல்லிவிட முடியும்?

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் உலகுக்கு அளித்த சிறிய கேஸட், அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. வீட்டார் உறங்கியபின் அடுக்களையில் அமர்ந்து அம்மா அதில் பேசினார். ஊருக்குச் செல்பவர் எவரேனும் அதை ஜித்தாவுக்கு எடுத்துச் சென்றார். எழுத்தறியாத ஒரு பெண்ணுக்குத் தன் கணவரோடு தனிமையில் பேசும் உரிமை அப்படித்தான் வந்தது. பல்லாயிரம் வீடுகளில் நடந்த இந்தப் புரட்சியை எந்த வரலாற்று நூல் விரித்து எழுதப் போகிறது?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேஸட் மலிவான பொருளன்று. அம்மா பேசி அனுப்பிய நாடாவின் மீதே அத்தா தம் பதிலைப் பதிந்து அனுப்புவார். புதிய குரல் பதியும்போது பழைய குரல் அழிந்துபோகும். இப்படிப் போய் வந்த கேஸட்டுகளுள் ஒன்றே ஒன்று எஞ்சியது. 1981-இல் அத்தா பேசி அனுப்பியது. அதன்பின் அவரே விடுமுறையில் வந்துவிட்டதால் அது திரும்பிச் செல்லவில்லை.

அத்தா வஃபாத்தாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அம்மா மாதம் ஒருமுறையேனும் அந்தக் கேஸட்டைக் கேட்பார். பெட்டி கரகரக்கத் தொடங்கியதும் என் பிள்ளைகள் அதைக் கைபேசியில் பதிந்து கொடுத்தார்கள். அம்மா இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “சொல்லு அவருடையதுதான். குரல் அவருடையது இல்லை” என்றார்.

முதுமையின் பிடிவாதம் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். உண்மையில் அம்மா சொன்னது அறிவியல். ஆண் குரலின் அடித்தளம் பெரும்பாலும் நொடிக்கு 100 முதல் 150 அதிர்வுகளில் அமைகிறது. கைபேசியின் நகத்தளவு ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த அதிர்வுகளை எழுப்ப இயலாது. சொற்கள் புரியும், குரலின் கனம் மட்டும் வராது. ஆகவே பெட்டியைச் செப்பனிடுவது ஒன்றே வழியாயிற்று.

கடைத்தெருவில் எழுபது வயதைக் கடந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். நெசவாளர் குடும்பத்தில் பிறந்து வானொலித் தொழிலுக்கு வந்தவர். பெட்டியைத் திறந்து நான்கு அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டையும் வெளியே எடுத்தார். ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டதும் காகிதக் கூம்பு மெல்ல முன்னே வந்தது. “காந்தம் நல்லா இருக்கு தம்பி. காயிலும் நல்லா இருக்கு. ஓரம்தான் போச்சு” என்றார்.

கூம்பையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கும் வளையம்தான் அந்த ஓரம். எங்கள் பெட்டியில் அது பஞ்சு போன்ற ரப்பர் நுரையால் ஆனது. காற்றின் ஈரம் அத்தகைய நுரையைச் சிறிது சிறிதாகச் சிதைத்துவிடுகிறது. விரல் பட்டதும் அது கரிய பிசினாய் ஒட்டிக்கொண்டது. ஓரம் கிழிந்தால் கூம்பின் முன்புறக் காற்றும் பின்புறக் காற்றும் கலந்து ஒன்றையொன்று தணிக்கின்றன. அதில் முதலில் மறைவது தாழ்ந்த ஒலியே. இருப்பிடம் விலகிய கம்பிச்சுருள் காந்தத்தில் உரசுவதால் கரகரப்பும் வருகிறது. இரும்பும் காந்தமும் நாற்பது ஆண்டுகள் தாங்கின. மிக மென்மையான உறுப்பே எல்லா அசைவையும் ஏற்று, முதலில் உயிர் விட்டது.

புதிய நுரை வளையங்கள் அளவு வாரியாக விலைக்குக் கிடைக்கின்றன. பெரியவர் வேறொன்று சொன்னார்: “அந்தக் காலத்து ரேடியோ ஸ்பீக்கர் சிலதுக்குத் தோல்தான் ஓரம். தோல் ஊரிலே இருந்துகொண்டு நுரைக்கு ஏன் அலையணும்?” ஆம், ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கர் இருவர் 1925-இல் சுருள்வகை ஒலிபெருக்கியின் ஆய்வை வெளியிட்டதை அடுத்த காலத்தில், மென்தோல் விளிம்புகளும் வழக்கில் இருந்தன. தஃப் என்னும் பறை நினைவிருக்கிறதல்லவா? தோலுக்கும் ஒலிக்கும் உள்ள உறவு மின்சாரத்துக்கு முந்தியது.

பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் பணியாற்றும் என் தங்கை மகன், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மெல்லிய ஆட்டுத்தோல் துண்டுகளைக் கொண்டுவந்தான். இவ்வகைத் தோலை நனைத்து வடிவில் அழுத்திக் காயவிட்டால் அவ்வடிவிலேயே நிற்கும். பெரியவர் பலகையில் கயிற்றை வட்டமாக ஒட்டி, ஈரத்தோலை அதன்மேல் படியவைத்தார். மறுநாள் அதை வளையமாக வெட்டி, துளி எண்ணெய் தடவி, விரலால் நீவி நீவி இளக்கினார்.

பிறகு கூம்பின் நடுவிலுள்ள மூடியைப் பெயர்த்து, சுருளைச் சுற்றிப் பழைய புகைப்படச் சுருளின் நறுக்குகளைச் செருகினார். சுருள் நட்டநடுவே நிற்பதற்கான உபாயம் அது. வளையத்தை ஒட்டி, ஒரு நாள் உலரவிட்டு, நறுக்குகளை உருவினார். கூம்பை நான்கு விரல்களால் அழுத்திக் காதை வைத்துக் கேட்டார், உரசல் இல்லை. கம்பிகளை இணைக்கும்போது, இரு கூம்புகளும் ஒரே நேரத்தில் முன்வருகின்றனவா என்று மீண்டும் பேட்டரியால் சோதித்தார். ஒன்று முன்வர மற்றொன்று பின்செல்லுமானால் தாழ்ந்த ஒலி மறுபடி தணிந்துவிடும்.

பெட்டி வீட்டுக்கு வந்தது. அம்மாவின் கட்டிலருகே வைத்துப் பொத்தானை அழுத்தினேன். “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று அத்தா தொடங்கியதும் மரப்பலகையில் அந்தக் குரலின் அதிர்வு கைக்குத் தெரிந்தது. அம்மா பதில் ஸலாம் சொன்னார். கூலி விவரம், வெயில், தம்பியின் பள்ளிக் கட்டணம் எல்லாம் சொல்லி அத்தா விடைபெற்றார். வழக்கமாக அந்த இடத்தில் நிறுத்திவிடுவோம். அன்று ஒலியின் தெளிவை ஆராய்ந்துகொண்டு நான் அப்படியே விட்டிருந்தேன். சற்று நேரம் வெறும் இரைச்சல். திடீரென ஓர் இளம்பெண்ணின் குரல்:

“பிள்ளை தூங்குது. மூச்சு கேக்குதா பாருங்க.”

பிறகு பேச்சில்லை. நாடாவின் இரைச்சலுக்கும் குழந்தையின் மூச்சுக்கும் வேற்றுமை தெரியவில்லை. அத்தாவின் பேச்சு எட்டாத கடைசிச் சில அங்குலங்களில் அம்மா பேசியது அழியாமல் தங்கியிருந்தது. 1980-இல் பிறந்த நான்தான் அந்தப் பிள்ளை.

அம்மா என்னைப் பார்த்தார். “யாரது, சின்னப் பொண்ணு?” என்றார். மறுகணம் புரிந்துகொண்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். “அவர் இதைக் கேட்டாராமா?” என்றேன். “கேட்டாராம். ஊருக்கு வந்ததும் முதலில் உன் மார்பில்தான் காதை வைத்தார்” என்றார்.

உங்கள் அலமாரிகளிலும் இத்தகைய பெட்டிகள் ஊமையாக இருக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுமுன் ஓரத்தை மட்டும் தொட்டுப் பாருங்கள். பழுது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சீர் செய்தபின், ஸலாம் சொல்லி முடித்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். நாடா தீரும்வரை ஓடவிடுங்கள்.