வீடு தேடி வந்தவர்கள்

பனச்சமூடு என்னும் ஊரை நம் சங்கத்து அன்பர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில், கேரளமும் தமிழகமும் தொட்டுக்கொள்ளும் இடத்திலுள்ள சந்தை ஊர் அது. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு உறவுகளின் நடுவே விழுந்தது. என் அன்னையார் இப்பாலும் தமக்கையார் அப்பாலும் வாழ்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் அன்னையாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. நீரிழிவும் உண்டு. மகனோ கடல் கடந்து இருக்கிறேன். தமக்கையார் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று இரண்டு திங்கள் பேணினார். அங்கே, 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் இயன்முறை மருத்துவர் வீட்டிற்கே வந்து, பிடித்து நடக்கப் பழக்கினார். நன்மைதான். ஆனால் இடையில் காட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில், பழைய சீட்டைப் பாராமலே சர்க்கரைக்குப் புதிய மாத்திரை எழுதிவிட்டனர்.

அன்னையார் பனச்சமூடு திரும்பியதும் இரண்டு மாத்திரைகளையும் விழுங்கி வந்தார். பெயர் வேறு, நிறம் வேறு. உள்ளிருந்த மருந்தோ ஒன்றே. அதனைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்லர். ஆஷா பணியாளரான அண்டை வீட்டுப் பெண்மணி. மருந்தின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆயினும், மரச்சீனியும் மீன்கறியும் கண்டால் விடாத கிழவி, பாதித் தட்டை ஒதுக்கிவிட்டு வியர்த்து அமர்ந்திருப்பது வழக்கமன்று என்பது அவருக்குத் தெரியும். "ஒண்ணுமில்ல மக்களே" என்ற அன்னையாரின் சொல்லை அவர் ஏற்கவில்லை. ஊராட்சியின் வலிதணிப்புச் செவிலியை அழைத்தார். செவிலி விரல்நுனிக் குருதியைச் சோதித்து, உடனே சர்க்கரை நீர் புகட்டி, மாத்திரைகள் அனைத்தையும் பாயில் பரப்பினார். மாத்திரையை நிறுத்தும் உரிமை அவருக்கில்லை. ஆகவே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். மருத்துவர் ஒன்றை அன்றே நிறுத்தினார். மூவரில் ஒருவர் குறைந்திருந்தால் இரவு என்னவாகியிருக்குமோ!

இம்முறை அப்பகுதிக்கு முற்றிலும் புதிதன்று. 1930-களிலேயே ராக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு திருவிதாங்கூர் அரசு நெய்யாற்றின்கரையில் ஒரு சுகாதார அலகு அமைத்திருந்தது. 1978-இல் அல்மா-அட்டா மாநாடு, மருத்துவர், செவிலியர், மருத்துவச்சியர், ஊர்ப் பணியாளர் ஆகியோரோடு, வேண்டுமிடத்து மரபு வைத்தியரையும் ஒரே குழுவில் சேர்த்தெண்ணியது. (எங்கள் வர்ம ஆசான் கேட்டால் மகிழ்வார், முதற்கட்டு அவர் போட்டதே!) கேரளம் 2008-இல் வலிதணிப்புக் கொள்கை வகுத்த பின்னரே ஊராட்சிச் செவிலியர் வீடுதோறும் செல்வது பரவலாயிற்று.

ஊரில் முதியோரை விட்டு வந்துள்ள அன்பர்கள், மருத்துவரின் எண்ணோடு ஆஷா பணியாளரின் எண்ணையும் குறித்துக்கொள்வது நலம். எங்கள் வீட்டுக் கட்டிலின் தலைமாட்டில் இப்போது ஒரு குறிப்பேடு தொங்குகிறது. செவிலி மலையாளத்திலும் தமக்கையார் தமிழிலும் எழுதுகின்றனர். இயன்முறை மருத்துவரின் பணியெல்லை மட்டும் மாநில எல்லையோடு முடிந்துவிடுகிறது. அதனால், பயிற்சி வேண்டும்போதெல்லாம் அன்னையார் ஆட்டோவில் ஏறி அப்பால் போய் வருகிறார்.