கடல் முழக்கம் வாசித்த ஞாயிறு

2015 நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. உலகம் முழுக்க இலத்தீன் முறைக் கத்தோலிக்கக் கோயில்களில் அன்று ஒரே நற்செய்தி வாசகம்தான்: லூக்கா 21-ஆம் அதிகாரம். கடல் கொந்தளிக்கும், அந்த இரைச்சலில் மக்கள் கலங்கிப்போவார்கள், என்ன வருமோ என்ற பயத்திலேயே உயிர் போனதுபோல் ஆகிவிடுவார்கள் என்று இயேசு எச்சரிக்கும் பகுதி. மேற்குத் தாம்பரத்திலும் அதைத்தான் வாசித்தார்கள். செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. டிசம்பர் 2 காலை எட்டரை மணிக்கு வானிலை ஆய்வு மையம் கணக்கெடுத்தபோது, தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவுக்குள் படகு விட்டு ஆட்களை ஏற்றினார்கள்.

தற்செயல் என்று விட்டிருக்கலாம். ஆனால் 2023-இல் முதல் ஞாயிறு டிசம்பர் 3. அன்றைய வாசகம் மாற்கு 13: வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரா, நள்ளிரவில் வருவாரா, சேவல் கூவும் நேரத்தில் வருவாரா தெரியாது, தூங்கிவிடாதீர்கள் என்பது. அன்று இரவு மிக்ஜாம் புயல். புறநகரில் தரைத்தளத்தில் இருந்தவர்கள் யார் தூங்கினார்கள்? கேட்டுக்கு வெளியே இருந்த தண்ணீர் படியேறுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே விடிய வைத்தார்கள். 2024-இல் முதல் ஞாயிறு டிசம்பர் 1. மறுபடி லூக்கா, மறுபடி கடல் முழக்கம். முந்தின இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியிருந்தது. சனிக்கிழமை மதியத்திலிருந்து மீனம்பாக்கத்தில் விமானமே ஓடவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழன்று வரும் இந்த வாசகப் பட்டியல் 1969-இல் ரோமில் வெளியானது. அதைத் தொகுத்தவர்களுக்கு நம் வடகிழக்குப் பருவமழையைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? மூன்றாண்டுச் சுற்றில் மீதமுள்ள ஆண்டுக்கு அவர்கள் வைத்திருப்பது நோவா காலத்து வெள்ளம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு உறுத்தியது வேறு. இந்தக் காலம் முழுக்கப் பிரசங்க மேடையில் கேட்பது 'பயப்படாதே' என்பதுதான். சக்கரியாவிடம், மரியாவிடம், யோசேப்பிடம், கடைசியில் வயல்வெளி இடையர்களிடம் வானதூதர் அதைத்தான் சொல்கிறார். பயத்தை இறக்கி வைக்கச் சொல்லும் காலம், எதற்காகப் பயமுறுத்தித் தொடங்க வேண்டும்? யார் இப்படி வைத்தது?

கிழக்குத் தாம்பரத்தில் எனக்குப் பழக்கமான உபதேசியார் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்றுப் பல காலம் ஆகிறது. அவரிடம் கேட்டேன்.

"தம்பி, டாக்டர்கிட்ட போனா முதல்ல எங்க வலிக்குதுன்னுதானே கேக்குறார்? மாத்திரை கடைசியிலதானே வரும்" என்றார்.

"சரிங்கய்யா, ஆனா முதல்ல வலியைக் கேக்கணும்னு முடிவு பண்ணின டாக்டர் யாரு?"

"அது எனக்குத் தெரியாதுப்பா. நீங்க தேடிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. ஆனா ஒண்ணு, பதினெட்டாம் தேதியைக் கவனிங்க."

கவனித்தேன். அந்தத் தூதர் பேசும் வாசகங்கள் வார நாள் திருப்பலியில் வரிசையாக வருவதே டிசம்பர் 18 முதல்தான்: பதினெட்டில் யோசேப்பு, பத்தொன்பதில் சக்கரியா, இருபதில் மரியா. அதே பதினெட்டுதான் நம் பரங்கிமலைக் கோயிலின் திருநாளும். மலையுச்சியில் போர்த்துகீசியர் 1523-இல் கட்டிய அந்தக் கோயில், பிள்ளைப்பேற்றுக்காகக் காத்திருக்கும் மாதாவின் பெயரில் உள்ளது. 656-இல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் கூடிய ஆயர்கள் குறித்த திருநாள் அது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு, நிறைமாதக்காரியாக ஒரு பெண். பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று சொல்லும் ஊரில் அந்தக் காத்திருப்பில் எவ்வளவு பயம் கலந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பீடத்தில் இருக்கும் கற்சிலுவை 1558-இல் இதே நாளில் பூசை நடக்கும்போது வியர்த்துச் சிவந்தது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. நம்புகிறவர் நம்பட்டும். எனக்குப் பிடித்தது அந்த மலைக்குப் படி கட்டிக்கொடுத்த ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான். மலைக்கு வருகிறவர்கள் அடையாற்றில் சிக்கிவிடக் கூடாதென்று சைதாப்பேட்டையில் பாலமும் கட்டினார். ஆற்றைக் கண்டு பயப்படாதே என்று யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை, பாலம் போட்டார். இப்போது அதே இடத்தில் மறைமலை அடிகள் பாலம். 2015 டிசம்பரில் அடையாறு அதையும் விடவில்லை, போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

பரங்கிமலை எனக்குக் காலத்தின் கடைசி வாரத்தைக் காட்டியதே தவிர, முதல் வாரத்துப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. அதைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கும்போது எதிர்பாராமல் தாம்பரத்திலேயே வந்து நின்றேன். உலகத் திருச்சபை வரலாற்றுப் புத்தகங்களில் 'தாம்பரம் 1938' என்று ஒரு பெயர் அடிக்கடி வருகிறது. ரயில்வே ஜங்ஷனாகவும் விமானப்படைத் தளமாகவும் நமக்குத் தெரிந்த ஊர், அந்தப் புத்தகங்களில் ஒரு மாநாட்டின் பெயர்.

1938 டிசம்பர் 12 முதல் 29 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஜார்ஜ் டவுனிலிருந்து கல்லூரி சேலையூர்க் காட்டுக்கு இடம் மாறி அப்போது இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. 69 நாடுகளிலிருந்து 471 பேர் வந்தார்கள். நாள்காட்டியை எடுத்துப் பார்த்தால், திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறுக்கு மறுநாள் மாநாடு தொடங்கியிருக்கிறது. கிறிஸ்துமஸ் அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை, மாநாட்டின் நடுவிலேயே வந்துவிட்டது.

மாநாடு தாம்பரத்துக்கு வந்ததே பயத்தால்தான். முதலில் குறித்த இடம் சீனாவின் ஹாங்சௌ. 1937-இல் ஜப்பான் படையெடுத்ததால் அங்கே நடத்த வழியில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று நான்ஜிங் விழுந்தது. அங்கே நடந்த படுகொலையும் பெண்களுக்கு நடந்த கொடுமையும் உலகம் அறிந்தவை. அந்த நாட்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஓடி ஒளிந்த இடம் ஜின்லிங் பெண்கள் கல்லூரி. அதன் தலைவர் வூ யீஃபாங் மேற்கே இடம்பெயர வேண்டியிருந்தது. சரியாக ஓராண்டு கழித்து, நான்ஜிங் விழுந்த நாளின் முதலாண்டு நினைவு வரும் வாரத்தில், அந்த அம்மையார் தாம்பரத்தில் இருந்தார், சீனப் பிரதிநிதிகளுக்குத் தலைவராக. அதே வளாகத்தில் ஜப்பானிலிருந்து ககாவா தொயோஹிகோவும் இருந்தார். சீனாவிடம் மன்னிப்புக் கேட்டதற்காக 1940-இல் தன் சொந்த நாட்டுக் காவலர்களாலேயே கைதானவர்.

அந்தக் கூட்டத்தை இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் யாரெல்லாம் இருந்திருக்கிறார்கள்! தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆல்பர்ட் லுதூலி, பின்னாளில் 1960-க்கான நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். யாழ்ப்பாணத்துத் தமிழர் டி. டி. நைல்ஸ், அப்போது முப்பது வயதுக்காரர். மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்புதான் ஜெர்மனி முழுக்க நாஜிகள் யூதர்களின் கடைகளையும் தொழுகைக்கூடங்களையும் உடைத்துக் கொளுத்தினார்கள். ஜெர்மானியப் பிரதிநிதிகளும் வந்திருந்தார்கள். மற்றவர்கள் உலகத்தைச் சீர்திருத்துவது பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர்கள் தனியாக ஓர் அறிக்கை வைத்தார்கள். கடவுளின் ஆட்சி மனிதர் கட்டுவதல்ல, வரப்போவது, திருச்சபை அதற்காகக் காத்திருக்கிறது என்பது அதன் சாரம். இதை இறையியல் வாதமாக மட்டும் படிக்கலாம். ஆனால் தங்கள் நாடு எங்கே போகிறது என்று தெரிந்தவர்கள் திருவருகைக் காலத்தில் உட்கார்ந்து எழுதியது அது என்றே எனக்குப் படுகிறது. முதல் ஞாயிறு வாசகத்தின் வாடை அதில் இருக்கிறது.

எட்டே மாதத்தில் உலகப் போர் வந்தது. தாம்பரத்தில் சேர்ந்து ஜெபித்தவர்கள் எதிரெதிர் நாட்டுக்காரர்களானார்கள். மாநாட்டால் பயம் போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் பயந்துபோன ஆண்டில், பயத்துக்குக் காரணமான நாட்டவரோடு ஒரே வளாகத்தில் இரண்டரை வாரம் தங்கிச் சாப்பிட்டுப் பேச வந்தார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

முதல் வாரத்துப் பயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை கடைசியில் ரோமில்தான் கிடைத்தது. திருவருகைக் காலமே முதலில் ஃபிரான்ஸ் பக்கத்து வழக்கம். ஐந்தாம் நூற்றாண்டில் தூர் நகரத்து ஆயர் பெர்பெத்துவுஸ், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரம் மூன்று நாள் நோன்பு என்று வகுத்தார். நோன்பில் இருந்து வந்ததால்தான் இன்றும் பீடத்தில் ஊதா. நான்கு ஞாயிறு என்ற அளவுக்கு வந்தது ரோமில்.

அந்த ரோமின் கதையைக் கேளுங்கள். 589 நவம்பரில் டைபர் ஆறு கரை உடைத்தது. திருச்சபையின் தானியக் களஞ்சியங்களை அடித்துக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்ததும் கொள்ளைநோய். 590 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் பெலாஜியுஸ் அந்த நோயிலேயே இறந்தார். அவர் இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கிரகோரி. வரலாறு பெரிய கிரகோரியார் என்று அழைப்பது இவரைத்தான். நற்செய்திகளைப் பற்றி அவர் ஆற்றிய மறையுரைகளில் நாற்பது இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் முதலாவது திருவருகைக் காலத்தில் புனித பேதுரு பேராலயத்தில் பேசியது. எடுத்துக்கொண்ட பகுதி, அதே லூக்கா 21.

அதைப் படிக்கும்போது எனக்கு முடிச்சூர் சாலையில் நிற்பதுபோல் இருந்தது. பொதுவாகப் பேசாமல், முந்தாநாள் அடித்த சூறைக்காற்றை மக்களுக்கு நினைவுபடுத்துகிறார். பழைய மரங்கள் வேரோடு சாய்ந்ததை, வீடுகள் இடிந்ததை, கோயில்கள் அடித்தளத்தோடு பெயர்ந்ததைச் சொல்கிறார். சாயங்காலம் நன்றாக இருந்தவர்கள், நாளைக்கு இன்ன வேலை என்று திட்டம் போட்டவர்கள், அந்த இரவே இடிபாட்டில் போய்விட்டார்களே என்கிறார். கொள்ளைநோயைச் சொல்கிறார். அதே மறையுரையில் வாசகத்தின் அடுத்த வரியையும் எடுத்துச் சொல்கிறார்: இதெல்லாம் நடக்கும்போது தலையை நிமிர்த்துங்கள். ஆக, அந்த வாசகத்தை வைத்தவர்கள் ஊரில் இல்லாத பயத்தைக் கொண்டுவந்து புகுத்தவில்லை. கோயிலுக்கு வந்தவர்கள் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். அந்த நடுக்கத்தைப் பீடத்துக்கு முன்னால் பெயர் சொல்லிப் பேசினார்கள். நவம்பர், டிசம்பர் ரோமிலும் மழைக்காலம் என்பதை நான் ஏனோ அதுவரை யோசித்ததில்லை.

உலகம் முடியப் போகிறது என்று கிரகோரி உண்மையாகவே நம்பினார். அது நடக்கவில்லை, ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அதனால் அவர் மறையுரையைவிட அவர் செய்த காரியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உலகம் முடியப் போகிறது என்று பிரசங்கம் செய்தவர், இன்னொரு பக்கம் சிசிலித் தோட்டங்களிலிருந்து தானியம் வர வேண்டும் என்று கடிதம் மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் அவர் வாழ்க்கையை எழுதிய யோவான் என்ற தியாக்கோன் ஒரு தடித்த பேரேட்டைக் குறிப்பிடுகிறார். ரோமிலும் சுற்றுப்புறத்திலும் உதவி பெறுகிற ஒவ்வொருவரின் பெயர், வயது, தொழில், கொடுத்த பொருள் எல்லாம் அதில் பதிவாகியிருந்ததாம். நடமாட முடியாத நோயாளிகளுக்குத் தினமும் சமைத்த சாப்பாடு தெருத் தெருவாகப் போனதாம். பயத்தை விடுவது என்பதற்கு நான் கண்ட நல்ல விளக்கம் அந்தப் பேரேடுதான்.

இதையெல்லாம் உபதேசியாரிடம் போய்ச் சொன்னேன். நோட்டுப் போட்டாரா, நல்லது என்றார். நம் பங்கில் அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை.

அதனால் முடிச்சூர், பெருங்களத்தூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணைப் பக்கத்துப் பங்குப் பேரவைகளுக்கும் சபைக் கமிட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நவம்பர் வந்ததும் கேரல் ரவுண்ட்ஸ் எந்தத் தெரு எந்த நாள் என்று பட்டியல் போடுகிறீர்கள். அதே தெருக்கள், அதே வீடுகள். அந்தத் தாளிலேயே இன்னொரு பத்தியைச் சேருங்கள்: தரைத்தளத்தில் தனியாக இருக்கும் முதியவர் யார், படுக்கையில் இருப்பவர் யார், டயாலிசிஸுக்குப் போகிறவர் யார், நிறைமாதக்காரி யார், தண்ணீர் ஏறினால் எந்த மாடி வீட்டில் அவர்களுக்கு இடம், கூட்டி வருவது யார். கிறிஸ்தவர் வீடு, மற்றவர் வீடு என்று பிரிக்க வேண்டாம், தண்ணீர் பிரிப்பதில்லை. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் அன்பியமாகப் பிரித்துக்கொண்டால் இரண்டு ஞாயிறில் முடிகிற வேலை. திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். பட்டியல் அதற்கு முன் கையில் இருக்கட்டும்.