ரிவர்ஸ் விழாத படகு

சென்னை நந்தனம் அண்ணா சாலையில் மீன்வளத்துறையின் தலைமை அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாட்டு விசைப்படகுகளுக்கான விதிகள் அங்கிருந்துதான் நடைமுறைக்கு வருகின்றன. படகின் நீளம் 24 மீட்டரைத் தாண்டக்கூடாது. இன்ஜின் திறன் 240 குதிரைத்திறனைத் தாண்டக்கூடாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இழுவலைப் படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. இன்ஜினின் திறனுக்கு விதி உண்டு. அந்தத் திறனைப் புரொப்பல்லர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் கியர் பாக்ஸைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதைப் பழுது பார்ப்பவர்களைச் சந்திக்கத் தடைக்காலத்தில் காசிமேட்டுக்குப் போனேன்.

நந்தனத்துக்குப் பக்கத்துக் கடற்கரை என்றால் பட்டினப்பாக்கமும் நொச்சிக்குப்பமும்தான். அங்கே மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளில் இன்ஜின் வெளியே மாட்டியிருக்கும். கெட்டுப்போனால் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விடலாம். காசிமேட்டு விசைப்படகில் அது நடக்காது. இன்ஜின், கியர் பாக்ஸ், சாஃப்ட் மூன்றும் படகின் அடிவயிற்றில் வரிசையாகக் கிடக்கின்றன. மெக்கானிக்தான் ஸ்பேனர் பையோடு உள்ளே இறங்க வேண்டும்.

1984இல் செயல்பாட்டுக்கு வந்த காசிமேடு மீன்பிடித் துறைமுகம் தடைக்காலத்தில் மீன் வாடை குறைந்து பெயிண்ட் வாடையும் வெல்டிங் புகையுமாக இருக்கிறது. கரையேற்றிய படகுகளின் அடிப்பாகத்தைச் சுரண்டுகிறார்கள். பலகை மாற்றுகிறார்கள். வலை பின்னுகிறார்கள். தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுகளில் இன்ஜின் ரூம் மூடி திறந்திருந்தால், உள்ளே யாரோ ஒருவர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அப்படி ஒரு படகுக்குள்தான் கியர் பாக்ஸ் பழுது பார்க்கும் மேஸ்திரி ஒருவரைப் பார்த்தேன். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். உதவிக்கு இரண்டு இளைஞர்கள்.

லாரியின் கியர் பாக்ஸும் படகின் கியர் பாக்ஸும் ஒன்றல்ல. லாரியில் வேகத்துக்கு ஏற்ற பல கியர்கள் உண்டு. படகில் பார்வர்ட், நியூட்ரல், ரிவர்ஸ், அவ்வளவுதான். ஆனால் அதன் வேலை பெரியது. இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றும்போது, 4-க்கு 1 விகிதமுள்ள கியர் பாக்ஸ் அதை 450 சுற்றாகக் குறைத்து, அதற்கேற்ப முறுக்குவிசையைக் கூட்டி சாஃப்டுக்குக் கொடுக்கிறது. பார்வர்டுக்கு ஒரு கிளட்ச், ரிவர்ஸுக்கு ஒரு கிளட்ச். ஒவ்வொன்றிலும் உராய்வுத் தகடும் எஃகுத் தகடும் மாறி மாறி அடுக்கியிருக்கும். பம்ப் தரும் எண்ணெய் அழுத்தம் அந்த அடுக்கை இறுக்கிப் பிடிக்கும். பிடி இறுகினால் படகு நகரும். அழுத்தம் குறைந்தால் தகடுகள் வழுக்கும், சூடேறும், கருகும்.

அந்தப் படகின் டிரைவர் சொன்ன குறை இது: “ரிவர்ஸ் போட்டா விழ மாட்டேங்குது மேஸ்திரி. பார்வர்டும் லேட்டாத்தான் விழுது.” ஓனர் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார். கிளட்ச் பிளேட் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்கிப் புது செட் போட்டுவிடலாம் என்றார்.

மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்விகளைத் தொடங்கினார். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதே இப்படியா, சூடான பிறகா? கேஜில் எண்ணெய் அழுத்தம் எவ்வளவு காட்டியது? கடைசியாகக் கடலுக்குப் போனபோது புரொப்பல்லரில் வலை சிக்கியதா? வேறு படகு கட்டி இழுத்து வந்ததா?

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருக்கிறது. சூடான பிறகு மட்டும் வழுக்கினால் எண்ணெய் இளகி அழுத்தம் கசிகிறது. பம்ப்போ சீலோ தேய்ந்திருக்கலாம். வலையோ கயிறோ சுற்றியிருந்தால் குற்றம் கியரில் இல்லை, தண்ணீருக்குள் இருக்கிறது. இன்ஜின் நின்ற படகைக் கட்டி இழுத்தால் புரொப்பல்லர் தானே சுற்றி சாஃப்டையும் சுற்றவைக்கும். அப்போது பம்ப் ஓடாததால் பேரிங்குக்கு எண்ணெய் போகாது. அதனால்தான் இழுக்கும் முன் சாஃப்டைக் கட்டி நிறுத்த வேண்டும் என்பார்கள்.

பிறகு கியர் பாக்ஸ் லீவரிலிருந்து கேபிளைக் கழற்றி, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, லீவரைக் கையாலேயே தள்ளிப் பார்த்தார். சுக்கான் அறையில் கைப்பிடி முழுதாகத் தள்ளப்பட்டிருந்தாலும், கேபிள் துருப்பிடித்து இழுவை குறைந்தால் கீழே லீவர் பாதியில் நின்றுவிடும். பலர் கியர் பாக்ஸையே பிரித்த பிறகுதான் கேபிளைப் பார்க்கிறார்கள். இங்கே கேபிள் சரியாக இருந்தது. கையால் போட்டாலும் இரண்டு பக்கமும் மந்தம்.

“ரெண்டு கிளட்ச்சும் ஒரே நாள்ல சாகாது சார்,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். “ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது எண்ணெய். அதைத்தான் முதல்ல பாக்கணும்.”

டிப் ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்தார். பால் கலந்த டீ போலிருந்தது எண்ணெய். விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்தார். கருகல் வாடை லேசாகத்தான் இருந்தது. ஆக, உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. பெரும்பாலும் அது புகும் வழி, கடல்நீரால் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர். படகு ஓடும்போது எண்ணெயின் அழுத்தம்தான் அதிகம். கூலர் குழாயில் ஓட்டை இருந்தால் எண்ணெய் தண்ணீரோடு கலந்து வெளியே போகும். இன்ஜின் நின்றதும் நிலைமை தலைகீழாகி, தண்ணீர் எண்ணெய்க்குள் கசியத் தொடங்கும். தடைக்காலத்தில் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும் படகில் இந்தக் கசிவு யார் கண்ணிலும் படுவதில்லை.

கூலரைக் கழற்றி, எண்ணெய்ப் பக்கத்தின் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் காற்றைச் செலுத்தித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்கள். ஒரு குழாயிலிருந்து சிறு குமிழிகள் வரிசையாக ஏறின. நோய் பிடிபட்டுவிட்டது. பம்ப்புக்கு முன்னால் இருக்கும் ஸ்டிரெயினரைத் திறந்தபோது அதன் வலைக்கண்ணெல்லாம் கசடு அப்பியிருந்தது. அழுத்தம் ஏறாததற்கு அதுவே போதும்.

ஓனர் சொன்னபடி கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புதுத் தகடுகளும் சில பயணங்களில் வழுக்கியிருக்கும். பேரிங்கில் துரு ஏறியிருக்கும். பணமும் போய், பழுதும் மிஞ்சியிருக்கும். மேஸ்திரி தகடுகளையும் விட்டுவிடவில்லை. கிளட்ச்சைப் பிரித்து ஒவ்வொரு எஃகுத் தகடாகக் கண்ணாடிப் பலகையில் படுக்கவைத்து, அடியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தார். சூட்டில் வளைந்தவை தெரிந்துவிடும். நீலம் பாய்ந்த சிலவற்றை மட்டும் ஒதுக்கினார். மற்றவை திரும்ப உள்ளே போயின.

எல்லாம் மாட்டிய பிறகும் வேலை முடியவில்லை. கியர் பாக்ஸும் சாஃப்டும் சேரும் கப்ளிங்கின் போல்ட்டுகளைத் தளர்த்தி, இரண்டு முகங்களுக்கும் நடுவே மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்தில் ஃபீலர் கேஜை நுழைத்து அளந்தார்கள். வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தெரிந்தால் இன்ஜின் அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்கிறார்கள். இதைப் படகு தண்ணீரில் மிதக்கும்போதுதான் செய்ய வேண்டும். கரையில் நேராக இருக்கும் படகு மிதக்கும்போது சற்றே வளைகிறது. கரையில் எடுத்த அளவு தண்ணீரில் செல்லாது. இந்த நேர்கோடு தவறினால் பேரிங், சீல், ஸ்டெர்ன் டியூப் பேக்கிங் எல்லாம் ஒவ்வொன்றாகத் தேயும்.

நடுக்கடலில் கிளட்ச் அழுத்தமே இல்லாமல் போனால்? பல கியர் பாக்ஸ்களில் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பார்வர்ட் கிளட்ச்சை நேரடியாக இறுக்கிப் பூட்டும் போல்ட்டுகள் உண்டு. அவற்றை முடுக்கினால் எண்ணெய் அழுத்தம் இல்லாமலேயே மெதுவாகக் கரை சேரலாம். ஆனால் அதன்பிறகு நியூட்ரலும் இல்லை, ரிவர்ஸும் இல்லை. படகுக்கு பிரேக் கிடையாது, ரிவர்ஸ்தான் பிரேக். நூற்றுக்கணக்கான படகுகள் நெருங்கி நிற்கும் துறைமுகத்துக்குள் ரிவர்ஸ் இல்லாமல் நுழைவது எத்தனை ஆபத்து என்பது டிரைவர்களுக்குத் தெரியும். அந்தப் போல்ட்டுகள் எங்கே இருக்கின்றன என்பது எல்லா டிரைவருக்கும் தெரிவதில்லை. மேஸ்திரி வேலை முடித்த பிறகு இந்த டிரைவரைக் கீழே கூப்பிட்டு, அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

இந்த அறிவு முழுவதும் கைவழி வந்தது. மேஸ்திரி சிறுவயதில் லேத் பட்டறையில் சேர்ந்து, பிறகு லேலண்ட் இன்ஜின் பொருத்திய படகுகளில் இறங்கிப் பழகியவர். சான்றிதழ் எதுவும் இல்லை. பக்கத்தில் ராயபுரத்திலேயே மத்திய அரசின் மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் சென்னைக் கிளை இருக்கிறது. மரைன் ஃபிட்டர் படிப்பு அங்கே உண்டு. அங்கே படிப்பவருக்கு இவரிடமிருந்து கற்க நிறைய இருக்கிறது. இவரிடம் வேலை பழகும் இளைஞர்களுக்கு அங்கிருந்து கிடைக்க வேண்டியதும் இருக்கிறது: அளவுகளைக் குறித்துவைக்கும் பழக்கம், வரைபடம் படிக்கும் பயிற்சி, கையில் ஒரு சான்றிதழ்.

தடைக்காலத்தில் மீன்வளத்துறை அதிகாரிகள் படகுகளை ஆய்வு செய்கிறார்கள். நீளம், இன்ஜின் திறன், பதிவு எண், உயிர்காப்புச் சாதனங்கள் எல்லாம் பார்க்கப்படுகின்றன. அதோடு கியர் எண்ணெயின் நிறம், அழுத்தம், கூலர் சோதனை மூன்றையும் சேர்க்க வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக்குகளைத் தேர்வு வைத்து அங்கீகரித்து, அந்தச் சோதனையை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். இன்ஜின் பெரிதாகும் படகுகளில் கியர் பாக்ஸும் அந்தத் திறனைத் தாங்கக்கூடியதுதானா என்று பார்க்கவும் அவர்களே தகுதியானவர்கள்.

படகு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலுக்குக் கிளம்பும் முன் டீசல் அளவைப் பார்ப்பதுபோல் கியர் எண்ணெயையும் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் அன்று படகை எடுக்காதீர்கள். கூலர் குழாயின் ஓட்டையைக் கரையில் அடைப்பது சின்ன வேலை. அதே ஓட்டை நடுக்கடலில் படகையும் அதிலுள்ளவர்களையும் நிறுத்திவிடும்.