பட்டை உடைகிற இடம்

வண்டிக்கு அடியில் அடுக்காக இருக்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டை ஒரே பள்ளத்தில் உடைந்துவிடுவதில்லை. ஆனால் வண்டியைக் கட்டி இழுத்துவருகிறவர்கள் எல்லாரும் "அந்தப் பாறைமேல ஏறி இறங்கினேன், டமார்னு ஒரு சத்தம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் அதைக் காதில் வாங்கவே மாட்டார். உடைந்த துண்டைக் கழற்றி, உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்ப்பார். அதில் ஒரு பகுதி துருவேறிக் கறுத்திருக்கும். மிச்சம் புதுசாக, பொடிப்பொடியாக மின்னும். கறுத்த பகுதி, வெளியே தெரியாமல் நாள்கணக்கில் விரிந்துகொண்டே வந்த கீறல். மின்னுவது மட்டும்தான் இன்றைக்கு உடைந்தது. "பாறைமேல பழியப் போடறான் பாரு" என்று சிரிப்பார்.

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரிலிருந்து பிரிகிற ஒரு பாதையோரம் அவர் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த சாய்ப்புதான் பட்டறை. பள்ளம் தோண்டிக் கட்டிய பிட் கிடையாது, லிஃப்ட் கிடையாது. இரண்டு பாட்டில் ஜாக்கி, புளியமரக் கட்டைகள், கடப்பாரை, பெரிய ரிங் ஸ்பேனர்கள், அவற்றில் மாட்டித் திருப்ப ஒரு நீளக் குழாய். நான் கற்றதெல்லாம் இவற்றை வைத்துத்தான்.

போளூரிலிருந்து ஏறுகிற தார்ச்சாலையிலும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வானாய்வகம் வழியாக வருகிற சாலையிலும் பட்டைக்குப் பெரிய ஆபத்தில்லை. தாரை விட்டு இறங்கி மலைக்கிராமங்களுக்குப் போகும் மண்பாதைகள்தான் வேலை வைக்கின்றன. மழைத்தண்ணீர் பாதையைக் குறுக்கே, அதுவும் சாய்வாக, அறுத்துவிட்டுப் போயிருக்கும். ஒரு பின்சக்கரம் அதில் இறங்கும்போது மற்றது மேட்டிலேயே நிற்கும். மேலே பலாவோ புளியோ சாமை மூட்டையோ, மூட்டைமேல் ஆட்கள். பட்டை வளைவது போதாதென்று முறுக்கவும் படுகிறது.

மஹிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்பை இங்கே கொண்டுவந்தபோது அதன் நான்கு சக்கரத்துக்கும் பட்டைதான். இன்றைய பிக்கப்களின் முன்பக்கம் எப்படியிருந்தாலும் பின்பக்கம் பெரும்பாலும் பட்டைதான். பழைய சங்கதி என்று சிலர் இளப்பமாகப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மரத்தடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனரால் கழற்றி மாட்டக்கூடிய சஸ்பென்ஷன் வேறெது இருக்கிறது?

பட்டை சுமையைத் தாங்குகிறது என்று மட்டும் நினைத்திருந்தேன். ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து நிறுத்துவதும் அதுதான், பிரேக் அடிக்கும்போது ஆக்சில் உருளாமல் தடுப்பதும் அதுதான். இரு முனையும் கண்போலச் சுருண்டிருக்கும் மேல் பட்டைதான் மெயின் பட்டை. அது முன்கண்ணுக்குப் பக்கத்தில் உடைந்தால் ஆக்சில் பின்னுக்கு நகர்ந்து, வண்டி கோணலாக ஓடும். இதைக் கண்டுபிடிக்க அண்ணன் சணல் கயிறு வைத்திருந்தார். ஸ்டியரிங்கை நேராக்கி, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை ஒரு பக்கம் பிடித்து முடிச்சுப் போடுவார். அதே கயிற்றை மறுபக்கம் பிடிப்பார். முடிச்சு விலகி நின்றால் ஆக்சில் நகர்ந்திருக்கிறது.

பிறகுதான் உடைந்த இடத்தைப் பார்ப்பது. பட்டைகளின் நடுவில் ஒரு துளை. அதில் சென்டர் போல்ட் ஏறி, அதன் தலை ஆக்சிலில் இருக்கும் குழியில் உட்காரும். அது இடம் காட்டுவதற்கு மட்டும்தான், இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட்கள். யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை அந்த நடுப்பகுதி வளையவே வளையாது. தளர்ந்ததும் அதுவும் சேர்ந்து ஆடும். துளை உள்ள இடம்தான் பட்டையில் பலவீனமான இடம். கீறல் அங்கே பிறக்கிறது. ஆகவே நடுத்துளையில் உடைந்த பட்டையை மாற்றிவிட்டு, பழைய யூ போல்ட்டையே மாட்டி அனுப்பினால் அதே வண்டி மறுபடி வரும். ஒருமுறை நன்றாக இறுக்கிய யூ போல்ட் நீண்டுவிடுகிறது. அதை அண்ணன் திரும்பப் போட்டு நான் பார்த்ததில்லை.

மற்றப் பட்டைகள் எல்லாம் நன்றாக இருந்து, மெயின் பட்டை மட்டும் போயிருந்தால், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பைத் தேடச் சொல்வார். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது கீழ்ப் பட்டைகள் பிரிந்துகொள்ளும். கிளிப் இல்லையென்றால் ஆக்சிலின் முழுக் கனமும் மெயின் பட்டையில் தொங்கும். கழற்றிய கிளிப்பைத் திரும்ப மாட்டச் சோம்பல்படும் பட்டறைகள் நிறைய.

வேலையில் பயப்பட வேண்டிய நேரம் இரண்டு. ஒன்று, வண்டியைத் தூக்குவது. மலை மண் ஈரமாக இருந்தால் ஜாக்கி புதையும். அடியில் பலகை வேண்டும், மற்ற சக்கரங்களுக்குக் கல், சேசிஸுக்குக் கீழே கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது. இன்னொன்று சென்டர் போல்ட். கட்டில் இருக்கும் பட்டைகளுக்கு ஒரே வளைவு கிடையாது. சின்னப் பட்டைக்கு வளைவு அதிகம். அவற்றை அழுத்திச் சேர்த்துத்தான் போல்ட் போட்டிருக்கிறார்கள். பக்கத்துக்கு ஒரு சி கிளாம்ப் மாட்டி, போல்ட்டைக் கழற்றியபின் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். வெறுமனே நட்டைத் திருகினால் பட்டை விலாவில் பாயும்.

மாட்டும்போது இன்னொரு சூட்சுமம். ரப்பர் புஷ் போட்ட கண்ணின் போல்ட்டுகளை, வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி தன் கனத்தில் உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். யூ போல்ட் நட்டுகளையும் ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், குறுக்கு மறுக்காக, சமமாக ஏற்ற வேண்டும்.

உடைந்ததை வெல்டிங் வைத்துத் தரச் சொல்லிக் கெஞ்சுவார்கள். பட்டை எஃகு கார்பன் கூடியது. சூடாக்கி எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதம் வைத்தது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய், பற்றுக்கு ஓரமாகவே நொறுங்கும். அண்ணன் மறுத்துவிடுவார். உடைந்த துண்டைக் கொல்லுப்பட்டறைக்காரர் ஆசையோடு வாங்கிப்போய்க் கொடுவாள் அடிப்பார். அதற்கு அருமையான இரும்பு.

கூடுதல் பட்டை போடுவதில் எனக்கும் அண்ணனுக்கும் ஒத்துப்போகாது. சுமை ஏற்றுகிறவனுக்கு ஒரு பட்டை கூட்டிப் போட்டால் என்ன என்பார் அவர். கூட்டினால் பட்டை தப்பிக்கும், ஆனால் பட்டையைச் சேசிஸில் மாட்டுகிற ஷாக்கிளுக்கும் சேசிஸ் ரிவெட்டுக்கும் அடி போகும் என்பது என் கட்சி. பட்டையை மாற்றிவிடலாம், விரிந்த சேசிஸை இந்தச் சாய்ப்பில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

மலைப்பாதையில் சுமை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுப் பட்டை போட்டு நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை இன்னொருமுறை இறுக்குங்கள், மழைக்காலம் முடிந்ததும் மறுபடி பாருங்கள். அதற்கு மெக்கானிக் வேண்டாம். சரியான ஸ்பேனரும் ஒரு குழாயும் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும்.