450 கிலோ அழுத்தத்தில்

மூங்கில்துறைப்பட்டு, 22 டிசம்பர் 2024

2-ஆம் தேதி சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை ஆடிய ஆட்டம்தான் டீக்கடையில் இன்னமும் பேச்சு. நான் வேறொரு தண்ணீர்ச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் கொதிநீர் ஊற்று ஒன்றைப் படம்பிடித்திருக்கிறார்கள். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் கோவாவிலுள்ள துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, 'சாகர் நிதி' கப்பலிலிருந்து ஓஎம்இ 6000 என்ற ஆளில்லா நீர்மூழ்கியை இறக்கி எடுத்த படம்.

25 டிசம்பர்

அரையாண்டு விடுமுறைக்குப் பேத்தி வந்திருக்கிறாள். கத்தரித்த செய்தியைப் படித்துவிட்டு, "தாத்தா, ஊத்துத் தண்ணி 350 டிகிரின்னா ஆவியாயிடணுமே?" என்றாள்.

சர்க்கரை ஆலையில் சக்கை எரித்துப் பாய்லர் பார்த்தவனிடம் கேட்கவேண்டிய கேள்விதான். சதுர சென்டிமீட்டருக்கு 21 கிலோ அழுத்தம் வைத்தால் தண்ணீர் ஏறக்குறைய 215 டிகிரி வரை கொதிக்காது. நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் அசையாமல் நிற்கும். குளிர்ந்த நீரென்றே தோன்றும். 4,500 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 450 கிலோ. கொதிக்க வழியே இல்லை.

அங்கே சக்கைக்குப் பதில் எரிமலைக் குழம்பு. கடலடி மலைத்தொடரின் நடுவே நிலத்தட்டுகள் இரண்டு பக்கமும் விலகுகின்றன. விரிசலில் இறங்கும் கடல்நீர் சூடேறி, பாறையிலுள்ள இரும்பு, செம்பு, துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு மேலே பாய்கிறது. வெளியே இருக்கும் நீர் 2 டிகிரி. பட்டதும் உலோகம் கந்தகத்தோடு சேர்ந்து கருந்துகளாய்ப் படிகிறது. படியப் படிய, அதுவே புகைபோக்கியாக வளர்கிறது.

5 ஜனவரி 2025

கடலடி வெந்நீர் ஊற்றை உலகம் முதலில் கண்டது 1977-இல், கலாபகஸ் தீவுகளுக்கு அருகே. 'ஆல்வின்' நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் 2,500 மீட்டர் ஆழத்தில் கூட்டம் கூட்டமாக உயிர்களைப் பார்த்தார்கள். வெயிலே எட்டாத இடம். அங்கே ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றல் எடுத்து உணவு சமைக்கும் பாக்டீரியாக்களை நம்பித்தான் மற்ற உயிர்களெல்லாம் பிழைக்கின்றன.

நம் பெருங்கடலில் கைரெய் என்ற ஊற்றுத்தொகுதி 2000-இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டே அங்கே ஒரு நத்தையைக் கண்டார்கள். பாதம் முழுக்கச் செதில். செதிலின்மேல் இரும்பு சல்பைடுப் பூச்சு. 2019-இல் அது அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது. காரணம், கடலடியில் சுரங்கம் வரக்கூடும் என்ற அச்சம்.

10 ஆகஸ்ட்

ஊற்றைப் படம்பிடித்த பள்ளிக்கரணைக் கழகத்தின் விஞ்ஞானி ராஜு ரமேஷ், பிரான்சின் 'நாட்டீல்' நீர்மூழ்கியில் அட்லாண்டிக்கில் 4,025 மீட்டர் இறங்கியிருக்கிறார். நாமே கட்டும் 'மத்ஸ்யா 6000' மூன்று பேரை 6,000 மீட்டருக்குக் கொண்டுபோகும். அதற்கான ஒத்திகை இது.

21 செப்டம்பர்

கார்ல்ஸ்பெர்க் கடலடித் தொடரில் 10,000 சதுர கிலோமீட்டரில், இத்தகைய ஊற்றுகள் படியவைக்கும் சல்பைடுத் தாதுவைத் தேட, சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் இந்தியா ஒப்பந்தம் செய்திருக்கிறது. 2016-இல் போட்டது மத்திய, தென்மேற்கு இந்தியத் தொடர்களுக்கு, இது இரண்டாவது.

பக்கத்து வீட்டுக் கரும்பு விவசாயி, "ஏண்ணே, அவ்ளோ ஆழத்துல போய் வெட்டியா எடுக்கப் போறாங்க?" என்று கேட்டார். இப்போதைக்குத் தேடத்தான் உரிமை, வெட்ட இல்லை என்றேன்.

வெட்டும் நாள் வந்தால் என் கட்சி இதுதான்: ஊற்று அடங்கி, ஆறிப்போன புகைபோக்கிகளிலும் செம்பு, துத்தநாகம் கிடக்கிறது. அதையும் சுற்றிலும் என்ன வாழ்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடட்டும். பாய்ந்துகொண்டிருக்கும் ஊற்றில் கைவைக்கக் கூடாது. எரிகிற பாய்லரைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போடுகிறவன் எந்த ஆலையிலும் கிடையாது.