கூரையின்கீழ் ஒரு பந்தாட்டம்

மழை வந்துவிடுமோ என்று அஞ்சிக் கூரையின்கீழ் ஆடும் ஆட்டம் ஒன்று உண்டென்றால், திருச்சுழிச் சீமையார் சிரிக்கவே செய்வர். ஐப்பசி பிறந்தும் கண்மாயில் நீரைக் காணாமல் வானத்தை அண்ணாந்து நோக்குவது இக்கரிசல் மக்களுக்குப் பழக்கமாகிவிட்ட ஒன்று. ஆனால் கொல்கத்தாவிலோ புரட்டாசியிலும் மழை ஓய்வதில்லை. 2005 முதல் 2007 வரை மூன்றாண்டுகள் செப்டம்பர் மாதத்தில் அங்கு நடந்த பெண்களுக்கான தொழில்முறை டென்னிஸ் போட்டி, நேதாஜி உள்ளரங்கில் நடைபெற்றது. 1975-இல் உலக மேசைப்பந்துப் போட்டி நடந்த அதே அரங்கு. முதலாண்டில் ருசிய நாட்டு அனஸ்தாசியா மிஸ்கினாவும், மூன்றாம் ஆண்டில் அந்நாட்டின் மரியா கிரிலென்கோவும் பட்டம் பெற்றனர். நம் நெஞ்சில் நிற்பது இடைப்பட்ட ஆண்டே.

உள்ளரங்க ஆட்டத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. கண்ணைக் கூசவைக்கும் வெயில் இல்லை. பந்தைத் திருப்பிவிடும் காற்று இல்லை. தோற்றவர் எதன்மேலும் பழிபோட இயலாது. 2006-இன் அரையிறுதியில் ஐதராபாத்துச் சானியா மிர்சாவும் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிசும் எதிரெதிரே நின்றனர். சானியாவுக்கு வயது 19. ஹிங்கிசோ 1997-இல் தம் 16ஆம் வயதிலேயே உலகின் முதலிடத்தைப் பெற்று, பின்பு கால்நோவால் ஒதுங்கியிருந்து, அவ்வாண்டில்தான் மீண்டும் களமிறங்கியவர். சானியா 1-6, 0-6 என்று தோற்றார். சொந்த நாட்டார் கண்முன்னே, பதின்மூன்று ஆட்டங்களில் ஒன்றை மட்டுமே வென்றார். நாளிதழில் இதைப் படித்தபோது நமக்கே மனம் கனத்தது. அந்தப் பெண் முடங்கிப் போகவில்லை. அதே அரங்கில் லீசல் ஹூபருடன் இணைந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். அடுத்த வாரமே கொரியாவின் சியோல் நகரில் அதே ஹிங்கிசை 4-6, 6-0, 6-4 என்று வீழ்த்தினார். ஒன்பதாண்டுகள் கழித்து, 2015-இல், அவ்விருவரும் வலைக்கு ஒரே பக்கம் நின்று விம்பிள்டன் இரட்டையர் கோப்பையைப் பெற்றது தனிக்கதை.

இப்பெண்கள் ஆடுவது பொழுதுபோக்குக்காக அன்று, கூலிக்காக. இச்சொல்லுக்கு முகம் சுளிப்போர் உண்டு; நாம் சுளிப்பதில்லை. 1970-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது பெண்கள், ஆடவர் பெற்ற பரிசுத்தொகைக்கும் தாங்கள் பெற்றதற்கும் இருந்த இடைவெளியைப் பொறாமல், ஆளுக்கு ஒரு டாலருக்கு ஒப்பந்தமிட்டுத் தனியே ஆடத் தொடங்கினர். 1973-இல் அமெரிக்க ஓப்பன் போட்டி இருபாலார்க்கும் சமப் பரிசு வழங்கியது. விம்பிள்டனோ 2007 வரை காக்கவைத்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் மிளகாய்ப்பழம் எடுத்த நம் தாய்மார்களுக்கு, ஆண்கூலி பெண்கூலி என்ற பேச்சை எவரும் விளக்கத் தேவையில்லை.

சென்ற ஆண்டு நம் பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர், பள்ளியில் டென்னிகாய்ட் என்னும் வளையப்பந்தை அருமையாக ஆடிவந்த தம் மகளை, அவள் பெரியவளானதும் நிறுத்திவிட்டார். ஏன் என்று வினவினோம். "விளையாட்டு சோறு போடுமா, சாமி?" என்றார். உள்ளதைச் சொன்னால், பெரும்பாலோர்க்குப் போடாது. கொல்கத்தாப் போட்டியே மூன்றாண்டில் நின்றுபோயிற்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2022-இல் நடந்த பெண்கள் போட்டியில் செக் நாட்டு லிண்டா ஃப்ருவிர்தோவா 17 வயதில் பட்டம் வென்றார். வெறுங்கையோடு திரும்பியவர்களின் பெயர்கள் யார் நினைவில் இருக்கின்றன? இதை மறைத்து ஒரு குடும்பத்துக்கு ஆசைகாட்டுவது தகாது. ஆகவே அவரிடம் வேறொன்று கேட்டோம்:

"மூத்தவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு பொழுது சாயும்வரை திரிகிறானே, அவனை என்றைக்காவது இப்படிக் கேட்டீரா?"

அவர் தலையைச் சொறிந்தபடி போய்விட்டார். இரண்டு வாரம் சென்றபின், மாலைச் செபமணி அடிக்குமுன் வீடு சேரவேண்டும் என்ற நிபந்தனையோடு மகளை மீண்டும் மைதானத்துக்கு அனுப்பினார். அந்நிபந்தனை மகனுக்கும் உண்டா என்று நாம் இன்னும் கேட்கவில்லை.