பேசிய கூலியும் பெறாத கூலியும்

கூலி பேசுவது இழிவு என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றிக் கிடக்கின்றது. "பார்த்துக் கொடுங்கள்" என்று தலையைச் சொறிந்து நிற்பவனைப் பண்புள்ளவன் என்கிறோம். "எவ்வளவு தருவீர்கள்?" என்று முதலிலேயே கேட்பவனைப் பேராசைக்காரன் என்று ஒதுக்குகிறோம். ஆனால் திருவிவிலியத்தைத் திறந்து பாருங்கள். அங்கே கூலி வெளிப்படையாகவும் நாணமின்றியும் பேசப்படுகின்றது. அதிலும் ஊரை விட்டு வந்து அயல்மண்ணில் வாழ்பவர்களின் கூலியைப் பற்றி இறைவார்த்தை காட்டும் அக்கறை நம்மை வியக்க வைக்கும்.

குலத்தந்தை யாக்கோபு ஊரை விட்டு ஓடி வந்து லாபானின் வீட்டில் தங்கியவர். "உறவினன் என்பதற்காக நீ வீணாக உழைக்கலாமா? உன் கூலி என்னவென்று சொல்" என்ற கருத்தில் லாபான்தான் முதலில் பேச்சைத் தொடங்குகிறான். எவ்வளவு இனிமையான தொடக்கம்! ஆயினும் அவ்வீட்டில் யாக்கோபு உழைத்த இருபது ஆண்டுகளின் முடிவில் அவர் வாயிலிருந்து வரும் முறையீடு என்ன? தம் கூலி பத்து முறை மாற்றப்பட்டது என்பதே. போக வேறிடமில்லாதவனிடம் பேசிய பேச்சை மாற்றுவது எளிது என்பதை லாபான் அறிந்திருந்தான்.

இதற்கு நேர்மாறானவர் தோபித்து. அவரும் நினிவேயில் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்தவரே. தம் மகன் தோபியாவுக்கு வழித்துணையாக ஓர் ஆளை அமர்த்தும்போது, நாளொன்றுக்கு ஒரு திராக்மா கூலி, அதற்கு மேல் வழிச்செலவு, நலமாகத் திரும்பினால் இன்னும் கூடுதல் என்று எல்லாவற்றையும் புறப்படுமுன்னரே தெளிவாகச் சொல்லிவிடுகிறார். வந்தவர் வானதூதர் இரபேல் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. வானதூதரும், "கூலி வேண்டாம்" என்று மறுக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இவ்விரு வரலாறுகளையும் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதற்கு நம் பகுதியிலேயே காரணம் உண்டு. 1937-ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. அதன் பின் சேலையூர், பல்லாவரம், வண்டலூர், காட்டாங்குளத்தூர் எனத் தென்புறநகர் எங்கும் கல்வி நிலையங்கள் பெருகின. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்தும் மாணவர் இங்கே வந்து படிக்கின்றனர். ஞாயிறு ஆங்கிலத் திருப்பலியில் அவர்களுடைய பாடற்குரல் தனியே கேட்கும். மறுபுறம், கிழக்குக் கடற்கரைச் சாலை பங்களாக்களில் படப்பிடிப்பு ஓயாமல் நடக்கின்றது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. தூர்தர்ஷனில் விளம்பரங்கள் 1976-இல் இடம்பெறலாயின. இன்றோ விளம்பரம் நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி வரை வந்துவிட்டது. "எங்கள் பொருளை வெளிநாட்டாரே பாராட்டுகிறார்" என்று காட்ட ஓர் அயல்முகம் தேவைப்படும்போது, ஏஜெண்டுகள் இம்மாணவர்களைத்தான் தேடி வருகின்றனர்.

அப்படி அழைத்துச் செல்லப்பட்ட ஆப்பிரிக்க இளைஞர் ஒருவர் ஒரு மாலையில் என்னைக் காண வந்தார். கட்டடப் பொருள் ஒன்றின் விளம்பரப் படம். ஒரு நாள் நடிப்புக்கு ஐயாயிரம் ரூபாய் என்று வாய்ப்பேச்சு. விடியற்காலை ஐந்து மணிக்கு வேனில் ஏற்றிச் சென்றவர்கள் இரவு பதினொன்றுக்குத் திருப்பி விட்டார்கள். கையில் வந்தது மூவாயிரம். மீதி எங்கே என்று கேட்டதற்கு, வேனுக்கும் சாப்பாட்டுக்கும் கழித்தாயிற்று என்று விடை வந்ததாம். "நீங்கள் சண்டையிட்டிருக்கலாமே?" என்றேன். அவர் தலைகுனிந்து சொன்னார்: "ஃபாதர், நான் உரத்துக் கேட்டால் அவர்கள் என் விசாவைப் பற்றிக் கேட்பார்கள்."

அந்த ஒரு வாக்கியத்தில் செய்தி முழுவதும் அடங்கியிருந்தது. மாணவர் விசாவில் வந்தவர் நம் நாட்டில் ஊதியத்திற்கு வேலை செய்ய அனுமதியில்லை. இதை ஏஜெண்டும் அறிவார். அறிந்துதான் அழைக்கிறார், அறிந்துதான் கழிக்கிறார். அச்சமே அவருடைய தரகு.

நான் அந்த இளைஞருக்கு இரண்டு செய்திகளைச் சொன்னேன். முதலாவது, சட்டத்தை மீறி இனி இத்தகைய வேலைக்குப் போக வேண்டாம். படிப்பே பறிபோய் நாடு திரும்ப நேரிடலாம். இரண்டாவது, அனுமதியின்மை என்பது அரசுக்கும் அவருக்கும் இடையேயுள்ள கணக்கு; செய்த வேலைக்குக் கூலி என்பது ஏஜெண்டுக்கும் அவருக்கும் இடையேயுள்ள கணக்கு. முதற் கணக்கைக் காட்டி இரண்டாம் கணக்கைத் துடைத்துவிடுவது களவேயன்றி வேறன்று. பங்கில் சட்டம் பயின்ற அன்பர் ஒருவர் அந்த ஏஜெண்டிடம் அமைதியாகப் பேசினார். ஆயிரம் ரூபாய் வந்தது. இன்னோர் ஆயிரம் இன்றுவரை வரவில்லை.

அவர் சம்மதித்துத்தானே போனார் என்று சிலர் கேட்பர். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் இதற்கு விடை தந்துள்ளது. தேவையின் நெருக்கடியால் ஒருவன் குறைந்த கூலிக்கு இணங்கினால், அவ்விணக்கம் அநீதியை நீதியாக்கிவிடாது என்று அது கற்பித்தது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் எழுதிய 'லாபோரெம் எக்ஸெர்சென்ஸ்' சுற்றுமடலோ, பிழைப்புக்காக நாடுவிட்டு நாடு வந்தவர் என்பதனால் எவரும் உரிமையில் குறைந்தவராக நடத்தப்படலாகாது என்றது. அயலவராயினும் ஏழைத் தொழிலாளியின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுக்கக் கட்டளையிடும் இணைச் சட்ட நூலின் எதிரொலிதான் இது.

அனுமதியோடு இத்தொழிலுக்குச் செல்வோரும் சிலவற்றை முன்னதாகக் கேட்டு எழுத்தில் பெற வேண்டும். பேசும் தொகை ஒரு கால்ஷீட்டுக்கா, வேலை முழுவதற்குமா? நேரம் கடந்தால் என்ன தருவார்கள்? பயணம், உணவு, பேட்டா யார் பொறுப்பு? ஏஜெண்டின் பங்கு எவ்வளவு, அது யாரிடமிருந்து? பணம் என்று கைக்கு வரும்? இவற்றினும் முக்கியமானது: என் முகம் எங்கெங்கே, எத்தனை நாள் காட்டப்படும்? நடித்த நாளின் ஊதியம் வேறு, படத்தைப் பயன்படுத்தும் ஊதியம் வேறு. அமெரிக்காவில் தொழிற்சங்க ஒப்பந்தப்படி விளம்பர நடிகருக்கு 13 வாரத் தவணைகளாகக் கணக்கிட்டு, மீண்டும் பயன்படுத்தினால் மீண்டும் ஊதியம் தரும் முறை உண்டு. மறு ஒளிபரப்புக்குரிய இவ்வூதியத்தைக் காக்கவே 2000-ஆம் ஆண்டில் அந்நடிகர்கள் ஏறத்தாழ ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். நம் இளைஞரிடமோ இக்கேள்வியை யாரும் எழுப்பவே இல்லை. மூவாயிரத்துக்கு விற்ற புன்னகை ஓராண்டுக்குப் பின்னும் சாலையோர விளம்பரப் பலகையில் சிரித்துக்கொண்டிருந்தது.

பெற்றோரே, இதை அயலார் கதை என்று புறந்தள்ளிவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகளும் துபாயிலும் சிங்கப்பூரிலும் டோக்கியோவிலும் அயல்முகங்களே. அங்கும் விளம்பரத்தில் நடிக்க வருமாறு யாரேனும் அழைக்கலாம். உணவகத்தில் பரிமாற அழைக்கலாம். ஜப்பானில் படிக்கும் வெளிநாட்டு மாணவர் தனியனுமதி பெற்றால் கல்விக்காலத்தில் வாரத்திற்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பெறாமல் செய்தால் குற்றம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம் உண்டு. ஆகவே மகனை வழியனுப்பும்போது செபமாலையும் ஊறுகாயும் மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். "முதலில் அனுமதியைக் கேள், பிறகு கூலியைக் கேள், இரண்டையும் எழுத்தில் கேள்" என்ற அறிவுரையையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.

இன்னொரு சொல். லாபான்கள் தொலைவில் இல்லை. அயல்நாட்டு மாணவருக்கு வீடு விடும்போது வாடகையை உயர்த்துகிறவரும், வடமாநிலத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியின் சனிக்கிழமைக் கூலியைத் திங்களுக்குத் தள்ளுகிறவரும் நம் கோவில் இருக்கைகளிலும் இருக்கக் கூடும். மொழி தெரியாதவன் வாய் திறக்கமாட்டான் என்று நாம் எண்ணலாம். ஆனால் கொடுக்கப்படாத கூலியே ஆண்டவரின் செவியில் கூக்குரலிடுகின்றது என்கிறார் புனித யாக்கோபு.

தோபித்து பயணம் முடிந்ததும் என்ன செய்தார்? மகனை அழைத்து, உடன் சென்றவருக்குக் கூலியையும் கூடுதலையும் கொடுக்க நினைவூட்டினார். மகனோ கொண்டுவந்ததில் பாதியையே கொடுக்கலாம் என்றான். தந்தையும் மகிழ்ந்து இசைந்தார். பேசியதற்குக் குறையாமல் கொடுப்பது நீதி. பேசியதற்கு மேலும் மனமுவந்து கொடுப்பது அன்பு. நீதியைச் செலுத்தாமல் அன்பைப் பற்றிப் பேச நம்மில் எவருக்கும் உரிமையில்லை.